நேரில் வந்தால்தான் தருவோமா? வாங்குபவர் அனுப்பும் ஆளும் நம் அமானிதமும்



பயன்படுத்திய பொருள்களை இணையத்தில் விற்போர் இடும் விளம்பரங்களில், "நேரில் வந்து எடுத்துச் செல்பவர்களுக்கு மட்டும்" என்ற வரியை அடிக்கடி காண்கிறோம். ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், மஹல்லா வாட்ஸ்அப் குழு என எங்கு பார்த்தாலும் பீரோ, கட்டில், தையல் மெஷின், ஃப்ரிட்ஜ் போன்ற கனமான பொருள்களுக்குக் கீழே இவ்வரி இருக்கிறது. விற்பவர் பொருளைக் கட்டி அனுப்பும் பொறுப்பை ஏற்க விரும்பவில்லை. அதில் தவறேதும் இல்லை.

ஆனால் வாங்க விரும்புபவர், "எங்களால் வர இயலாது; நாங்களே ஒரு வண்டியை ஏற்பாடு செய்து அனுப்புகிறோம், அதில் ஏற்றிவிடுங்கள்" என்று கேட்கும்போது என்ன செய்வது? பலர் யோசிக்காமலே மறுத்துவிடுகின்றனர். சிலர் யோசிக்காமலே சம்மதித்து, பின்னர் சச்சரவில் சிக்குகின்றனர். இவ்விரண்டும் சரியல்ல என்பதே நம் கருத்து. நிபந்தனைகளைத் தெளிவாகப் பேசிக்கொண்டு, வாங்குபவரின் ஆளிடம் பொருளை ஒப்படைக்க இணங்குவதே நலம். இதற்கான வழியை நம் ஃபிக்ஹு நூல்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வகுத்துத் தந்துள்ளன.

கேட்பவர் யார்?

ஒரு வீட்டில் படுக்கையில் கிடந்த முதியவர் வஃபாத்தாகிவிடுகிறார். அவருக்காக வாங்கிய மருத்துவமனைக் கட்டிலும் சக்கர நாற்காலியும் விற்பனைக்கு வருகின்றன. அவற்றைத் தேடுபவர் எப்படிப்பட்டவராக இருப்பார்? பெரும்பாலும் தம் வீட்டிலும் ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு, அவர் அருகிலிருந்து அரை நாள்கூட அகல முடியாதவராகவே இருப்பார். தையல் மெஷினைத் தேடுபவர், தையலால் பிழைக்க நினைக்கும் ஒரு விதவைப் பெண்ணாக இருக்கலாம். முன்பின் அறியாதவர் வீட்டுக்குத் தனியே போய்ப் பொருள் எடுப்பதை அவர் விரும்பமாட்டார்; நாமும் நம் சகோதரியை அவ்வாறு அனுப்பமாட்டோம். வளைகுடாவில் வேலை செய்யும் மகன், ஊரிலுள்ள பெற்றோருக்காக அங்கிருந்தபடியே ஒரு வாஷிங் மெஷினைப் பேசி முடிக்கலாம்.

இவர்கள் யாரும் விற்பவரைக் கட்டி அனுப்பச் சொல்லவில்லை. கூலியும் தம்முடையது, ஆளும் தம்முடையவர் என்கின்றனர். அவர்களையும் வாசலில் நின்று திருப்பி அனுப்புவதால் விற்பவருக்குக் கிடைக்கும் பயன் என்ன? விற்கும்போதும் வாங்கும்போதும் கடனைக் கேட்கும்போதும் மென்மையாக நடந்துகொள்பவருக்கு அல்லாஹ்வின் அருள் கிட்ட வேண்டுமென நபி (ஸல்) அவர்கள் துஆ செய்ததை ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்க, இமாம் புகாரி பதிவு செய்துள்ளார். அந்த துஆவில் நமக்கும் ஒரு பங்கு கிடைக்க இது எளிய வாய்ப்பு.

ஆளனுப்பி வாங்குதல்

தமக்குப் பதிலாக ஒருவரை அனுப்புவதை ஷரீஅத் 'வகாலத்' என்றும், அனுப்பப்படுபவரை 'வகீல்' என்றும் அழைக்கிறது. குகைவாசிகள் தம்மில் ஒருவரிடம் வெள்ளிக் காசைக் கொடுத்து, நகருக்குச் சென்று தூய உணவு வாங்கி வருமாறும், எச்சரிக்கையாக நடந்துகொள்ளுமாறும் சொல்லி அனுப்பிய செய்தி அல்கஹ்ஃப் அத்தியாயத்தின் 19ஆம் வசனத்தில் இடம்பெறுகிறது. ஃபுகஹாக்கள் வகாலத்துக்குக் காட்டும் சான்றுகளில் இதுவும் ஒன்று. உர்வா அல்பாரிகீ (ரலி) அவர்களிடம் ஒரு தீனாரைக் கொடுத்து ஓர் ஆடு வாங்கிவர நபி (ஸல்) அவர்களே அனுப்பியதும், அவர் இரண்டு ஆடுகளை வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, தீனாரோடும் ஆட்டோடும் திரும்பியதும் மத்ரஸா மாணவர்கள் நன்கறிந்த ஹதீஸ்.

எனவே, வாங்குபவர் அனுப்பிய வண்டிக்காரர் அவருடைய வகீல். வகீலின் கை, அனுப்பியவரின் கை. அவர் பெற்றுக்கொண்டால் வாங்குபவரே பெற்றுக்கொண்டதாகப் பொருள். ஷாஃபிஈ மத்ஹபில், எடுத்துச் செல்லத்தக்க பொருளை அதன் இடத்திலிருந்து நகர்த்துவதே கைப்பற்றுதலாகும். ஹனஃபி மத்ஹபில், தடையேதுமின்றி எடுத்துக்கொள்ள வழிவிட்டாலே போதும். குட்டி யானையில் பொருளை ஏற்றி, வண்டி நம் தெருவைத் தாண்டிவிட்டால் இரு மத்ஹபின்படியும் ஒப்படைப்பு முடிந்துவிடுகிறது.

பொறுப்பு எங்கே கைமாறுகிறது?

சச்சரவுகள் பெரும்பாலும் இந்தக் கேள்வியிலிருந்தே எழுகின்றன. வாங்குபவர் கைக்கு வருமுன் பொருள் அழிந்தால் அந்த நட்டம் விற்றவரைச் சாரும். கைக்கு வந்தபின் அழிந்தால் வாங்கியவரைச் சாரும். வண்டிக்காரர் வாங்குபவரின் வகீல் என்றால், நம் வாசலில் பொருள் வண்டியேறிய நொடியிலேயே பொறுப்பு கைமாறிவிடுகிறது. வழியில் கண்ணாடி உடைந்தால், அது வாங்கியவருக்கும் வண்டிக்காரருக்கும் இடையிலான விவகாரம்.

ஆனால் வண்டியை அமர்த்தியது யார் என்பது இங்கே முக்கியம். வாங்குபவர் கேட்டுக்கொள்ளாமலேயே விற்பவர் தம் வசதிக்காக ஒரு வண்டியைப் பேசி அனுப்பினால், அந்த வண்டிக்காரர் விற்பவரின் ஆள். பொருள் போய்ச்சேரும் வரை பொறுப்பும் விற்பவருடையதே. "நீங்களே ஒரு வண்டி பிடித்து அனுப்புங்கள், வாடகையை நான் தருகிறேன்" என்று வாங்குபவர் சொன்னால், "உங்கள் சார்பில், உங்கள் பொறுப்பில் அமர்த்துகிறேன்" என்பதை ஒரு வரியில் எழுதி ஒப்புதல் பெற்றுக்கொள்வது சச்சரவைத் தவிர்க்கும்.

நாட்டின் சட்டமும் ஏறக்குறைய இதே வழியில் செல்கிறது. 1930ஆம் ஆண்டின் இந்தியச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 36ஆம் பிரிவு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, விற்பனையின்போது பொருள் எங்கே இருக்கிறதோ அங்கேயே அது ஒப்படைக்கப்பட வேண்டும் என்கிறது. ஒப்பந்தப்படி வாங்குபவருக்கு அனுப்பிவைக்க வேண்டிய பொருளைச் சுமந்து செல்பவரிடம் ஒப்படைப்பதை, வாங்குபவரிடம் ஒப்படைத்ததாகவே முதல் நோக்கில் கொள்ள வேண்டும் என்கிறது 39ஆம் பிரிவு.

இங்கே விற்பவர்களுக்கு ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். வண்டிக்காரரிடம் ஒப்படைத்ததால் வழியில் நேரும் சேதத்திலிருந்துதான் விடுதலை கிடைக்கிறது. பொருளில் முன்பே இருந்த குறையிலிருந்து விடுதலை கிடைப்பதில்லை. வழியில் உடைந்தது வாங்கியவருடையது. நம் வீட்டிலேயே உடைந்திருந்தது நம்முடையது. மறைந்திருந்த குறை வெளிப்பட்டால் பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. வகீல் பெற்றுச் சென்றுவிட்டார் என்பதால் அவ்வுரிமை அற்றுப்போகாது. நேரில் வருபவர் கதவைத் திறந்து பார்ப்பார், மோட்டாரை ஓடவிட்டுக் கேட்பார். வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். இதைச் சாதகமாக்கிக் குறையை மறைப்பது ஏமாற்று. வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் அவர்களின் வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும் என்றும், மறைத்துப் பொய் சொன்னால் அந்த பரக்கத் துடைக்கப்பட்டுவிடும் என்றும் ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் வழியாக வரும் ஹதீஸ் எச்சரிக்கிறது.

பார்க்காமல் வாங்குவது

கண்ணால் காணாத பொருளை வாங்கினால் ஒப்பந்தம் செல்லுபடியாகும். ஆனால் பார்த்தபின் வேண்டாமென்று சொல்லும் உரிமை வாங்குபவருக்கு உண்டு என்பது ஹனஃபி மத்ஹப். வெறுமனே எடுத்துவர அனுப்பப்பட்ட தூதரின் பார்வையால் அந்த உரிமை போய்விடாது. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படியோ, காணாத பொருளின் விற்பனையே செல்லாது. இவ்விரு மத்ஹபினரும் வாழும் நம் தமிழகத்தில், இரு தரப்புக்கும் பேணுதலான வழி ஒன்று உண்டு. குடும்பத்தினரோ நண்பரோ அவ்வூரில் இருந்தால், பார்த்து முடிவுசெய்து வாங்கும் அதிகாரத்தையும் அவருக்கே கொடுத்துவிடலாம். அப்படி ஒருவர் இல்லையெனில், வீடியோ அழைப்பில் பொருளை எல்லாப் பக்கமும் காட்டி, இயக்கிக் காட்டி, பொருள் வந்து சேர்ந்து பார்த்தபின் ஒப்பந்தத்தை உறுதிப்படுத்துவதாகவும், அதுவரை இருவழி வாடகையும் வழிச் சேதமும் தம் பொறுப்பென்றும் வாங்குபவர் ஒப்புக்கொள்ளலாம். பெரிய தொகையெனில் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவது நன்று.

அச்சம் நியாயமானதே

விற்பவர்கள் தயங்குவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. இராணுவத்தில் பணிபுரிவதாகச் சொல்லி, பேரம் பேசாமல் கேட்ட விலைக்கே சம்மதித்து, "பணம் பெற இந்த கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள்" என்று அனுப்பிக் கணக்கைத் துடைத்துவிடும் மோசடி நாடறிந்தது. கூரியர்காரர் பணத்தோடு வருவார், அதற்குமுன் காப்பீட்டுக்கென ஒரு தொகை கட்டுங்கள் என்று கேட்பதும், போலியான பண அறிவிப்பைக் காட்டிப் பொருளை எடுத்துச் செல்வதும் உண்டு. ஆகவே மூன்று விஷயங்களில் உறுதியாக இருக்க வேண்டும். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் ஒருபோதும் தேவையில்லை. விற்பவர் யாருக்கும் எந்தக் கட்டணமும் கட்ட வேண்டியதில்லை. வாங்குபவர் அனுப்பும் படத்தை நம்பாமல், நம் வங்கிக் கணக்கில் தொகை வந்ததை நாமே பார்த்த பின்னரே பொருள் வண்டியேற வேண்டும்.

வந்திருப்பவர் உண்மையில் அவர் அனுப்பிய ஆள்தானா என்பதை எப்படி அறிவது? இதற்கும் ஒரு முன்மாதிரி உண்டு. ஜாபிர் (ரலி) அவர்கள் கைபருக்குப் புறப்பட்டபோது, அங்குள்ள தம் வகீலிடம் பதினைந்து வஸக் பெற்றுக்கொள்ளுமாறும், அவர் அடையாளம் கேட்டால் அவரது காறை எலும்பின்மீது கையை வைக்குமாறும் நபி (ஸல்) அவர்கள் சொல்லி அனுப்பிய செய்தி அபூதாவூதில் உள்ளது. அதன் அறிவிப்பாளர் தொடர் குறித்து ஹதீஸ்கலை அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டெனினும், அதிலுள்ள நடைமுறைப் பாடம் தெளிவானது. அனுப்புபவரும் ஒப்படைப்பவரும் மட்டுமே அறிந்த ஓர் அடையாளம் வேண்டும். இன்று நான்கு இலக்க எண் ஒன்று அந்த வேலையைச் செய்யும். வாங்குபவர் அதை நமக்கும் ஓட்டுநருக்கும் மட்டும் சொல்லட்டும். எண்ணைச் சொல்லாதவரிடம் பொருளைத் தர வேண்டாம்.

பேசி முடிக்க வேண்டியவை

கைக்குக் கை மாறும் வியாபாரத்தை எழுதாவிட்டாலும் குற்றமில்லை என்று அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் சலுகை தருகிறது. நடுவில் ஓர் ஆளும் சில மணி நேரமும் புகுந்துவிட்டால் அது கைக்குக் கை மாறுவதாக இருப்பதில்லை. எனவே எழுதிக்கொள்வதே அவ்வசனத்தின் உணர்வுக்கு நெருக்கமானது. வாட்ஸ்அப்பில் ஐந்தாறு வரிகள் போதும்: பொருளின் நிலை, அறிந்த குறைகள், விலை, வண்டி யாருடைய பொறுப்பு, ஏற்றுக்கூலி யாருடையது, எந்த நேரத்துக்குள் எடுக்க வேண்டும்.

ஏற்றுக்கூலியைத் தனியே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. ஓட்டுநரின் வேலை பெரும்பாலும் ஓட்டுவது மட்டுமே. மூன்றாம் மாடியிலிருந்து பீரோவை இறக்கச் சொல்லி அவரைக் கட்டாயப்படுத்துவதும், கூலி பேசாமல் காக்க வைப்பதும் அநீதி. பணியாளர்மீது சக்திக்கு மீறிய சுமையை ஏற்றாதீர்கள், ஏற்றினால் அவருக்குத் துணை நில்லுங்கள் என்ற நபிமொழியின் கருத்தை இங்கே நினைவில் கொள்வோம்.

பொருளை ஏற்றும்போது வண்டி எண்ணோடு சேர்த்து ஒரு சிறு வீடியோ எடுத்து வாங்குபவருக்கு அனுப்பிவிடுவது இரு தரப்புக்கும் சாட்சி. ஃப்ரிட்ஜை நிமிர்த்தியே கொண்டுசெல்ல வேண்டும், சேர்ந்ததும் சில மணி நேரம் கழித்தே மின்சாரம் கொடுக்க வேண்டும் என்று சொல்லியனுப்புவோம். முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினாக இருந்தால், டிரம்மை அசையாமல் பிடிக்கும் போல்ட்டுகளைத் தேடிப்பிடித்துப் பொருத்தி அனுப்புவோம். இவற்றைச் செய்யச் சட்டம் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆயினும் மார்க்கம் என்பதே பிறர் நலம் நாடுவதுதான் என்று கற்றுத்தரப்பட்ட சமுதாயம் நாம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர், "நேரில் வருபவருக்கே தருவேன்" என்றால் அது அவருடைய உரிமை. பரஸ்பரத் திருப்தியின்றி வியாபாரம் இல்லை. அவரைப் பழிக்க நமக்கு உரிமையில்லை. வாங்குபவரும் பணத்தை அனுப்பிவிட்டு, "வண்டி வாசலில் நிற்கிறது" என்று கடைசி நேரத்தில் நெருக்கக் கூடாது. முன்கூட்டியே கேட்டு ஒப்புதல் பெறட்டும். ஆனால் மறுக்கக் காரணம் வெறும் பழக்கமோ சோம்பலோ எனில், மறுமுனையில் நோயாளியின் கட்டிலுக்காகக் காத்திருப்பவரை ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம்.

நம் கொடுக்கல் வாங்கலில் உண்மையையும் மென்மையையும் பரக்கத்தையும் தந்து, அமானிதத்தை உரியவரிடம் உரிய முறையில் சேர்ப்பிக்க வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.