ஐந்தாம் இடம்

“கணினி விளையாட்டைப் பற்றி ஆண்டு மலரில் எழுத என்ன இருக்கிறது?” என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். நேரம் வீணாகிறது, கண் கெடுகிறது, படிப்புக் குறைகிறது என்ற அறிவுரைகளை நாங்கள் வேண்டிய அளவு கேட்டிருக்கிறோம். அவற்றில் உண்மை இல்லை என்று வாதாட நாங்கள் வரவில்லை. ஆயினும், சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வகுப்புத் தோழியர் ஐவர் சேர்ந்து ஆடிய ஆட்டம் எங்களுக்குள் ஒரு வழக்கையே கிளப்பிவிட்டது. அவ்வழக்கையும், நாங்கள் கண்ட தீர்ப்பையும் இங்கே எழுதுகிறோம்.

ஆட்டத்தின் பெயர் டோட்டா 2. வால்வ் என்னும் அமெரிக்க நிறுவனம் 2013இல் இதை முறையாக வெளியிட்டது. ஓர் அணிக்கு ஐவர்; இரண்டு அணிகள். அவரவர் வீட்டுக் கணினியில் அமர்ந்தபடியே ஒரே களத்தில் நின்று ஆடலாம். எதிரணியின் கோட்டைக்குள் இருக்கும் ‘ஏன்சியன்ட்’ என்னும் கட்டடத்தை முதலில் தகர்க்கும் அணிக்கே வெற்றி. ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்கும் பாத்திரங்களுக்கு ‘ஹீரோ’ என்று பெயர். 120க்கும் மேற்பட்ட ஹீரோக்கள் உண்டு.

அணியில் உள்ள ஐவருக்கும் 1 முதல் 5 வரை இடம் உண்டு. இது திறமை வரிசை அன்று. பொன் பெறும் வரிசை. களத்தில் பொன் அளவோடுதான் கிடைக்கும். அதை முதலிடத்தில் இருப்பவருக்கு விட்டுக்கொடுத்தால், அவர் ஆயுதங்கள் வாங்கி, ஆட்டத்தின் பிற்பகுதியில் அணியையே தோளில் தூக்கிச் செல்வார். அதனால் அவருக்குக் ‘கேரி’ என்று பெயர். ஐந்தாம் இடத்தில் இருப்பவருக்கு மிகக் குறைந்த பொன்னே மிஞ்சும். அவர்தான் ‘சப்போர்ட்’, அதாவது துணை நிற்பவர். நான்காம் இடத்தில் இருப்பவரும் துணைவரே. ஆயினும் ஐந்தாமவர்தான் அணியில் பரம ஏழை.

எங்கள் அணியில் ஐந்தாம் இடம் எப்போதும் ஒரே தோழிக்குத்தான். அவள் அதிர்ந்து பேசாதவள். “உனக்குத்தான் கோபமே வராதே, நீ சப்போர்ட் எடுத்துக்கொள்” என்று முதல் நாள் சொன்னோம். பிறகு அதைக் கேட்பதையும் நிறுத்திவிட்டோம். வென்றால், “என்னமாய் ஆடினாய்!” என்று கேரியைப் பாராட்டினோம். தோற்றால், “நீ எங்கே போயிருந்தாய்?” என்று அவளைக் கேட்டோம்.

மே மாதத்தில் அவள் இரண்டு வாரம் பாட்டி வீட்டிற்குச் சென்றாள். அங்கே இணைய வசதி இல்லை. நாங்கள் நால்வரும், முன்பின் அறியாத ஒருவரை ஐந்தாவதாகச் சேர்த்துக்கொண்டு ஆடினோம். அனைவரும் பொன்னைத் தேடி ஓடினோம். எதிரி எந்தப் பக்கம் வருகிறான் என்பது, அவன் வந்து அடித்த பிறகுதான் தெரிந்தது. தொடர்ந்து ஏழு ஆட்டங்கள் தோற்றோம். அப்போதுதான் அவள் என்னென்ன செய்துகொண்டிருந்தாள் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினோம்.

முதலாவது, பார்வை. களத்தின் பெரும்பகுதி இருளாகவே இருக்கும். ‘வார்ட்’ என்னும் சிறு காவற்கண்ணை ஓரிடத்தில் நட்டால், அதைச் சுற்றி நடப்பதெல்லாம் 6 நிமிடங்களுக்குத் தெரியும். எதிரிகள் எந்த வழியாக வருவார்கள் என்று முன்கூட்டியே ஊகித்து, ஆபத்தான இடத்திற்குத் தனியாகச் சென்று அதை நடவேண்டும். அவள் அடிக்கடி இறந்தது அங்கேதான். “தேவையில்லாமல் ஏன் அங்கே போகிறாய்?” என்று திட்டியதும் நாங்கள்தான்.

இரண்டாவது, பிறருக்காகச் சேர்த்தல். காட்டில் உள்ள விலங்குகள், தங்கள் இடம் காலியாக இருந்தால் ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் புதிதாகத் தோன்றும. நிமிடம் முடியச் சில விநாடிகள் இருக்கும்போது அவற்றைச் சீண்டி வெளியே இழுத்தால், அதே இடத்தில் இன்னொரு கூட்டமும் தோன்றி இரட்டிப்பாகிவிடும். அவள் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து இதைச் செய்வாள். பிறகு எங்கள் கேரி வந்து இரண்டு மடங்குப் பொன்னை அள்ளிச் செல்வாள். அந்தக் கூட்டம் இரட்டித்தது எப்படி என்று நாங்கள் ஒருநாளும் யோசித்ததில்லை.

மூன்றாவது, தேர்வு. இதுதான் எங்களை மிகவும் வியக்க வைத்தது. எங்களில் மற்றவர்கள் தங்களுக்குப் பிடித்த ஹீரோவை எடுப்போம். அவளோ அணிக்கு என்ன குறை என்று பார்த்து எடுப்பாள். மந்திர ஆற்றல் விரைவில் தீர்ந்துபோகும் ஹீரோக்கள் எங்களிடம் இருந்தால் ‘கிறிஸ்டல் மெய்டன்’; அவள் உயிரோடு இருந்தாலே அணியினர் அனைவருக்கும் அந்த ஆற்றல் ஊறிக்கொண்டிருக்கும். எதிரிகள் எங்கள் கேரியையே குறிவைப்பார்கள் என்று தோன்றினால் ‘டாசல்’. எவ்வளவு அடி விழுந்தாலும் ஒருவர் சில விநாடிகள் சாகாதபடி அவரால் காக்க முடியும். எதிரியை அசையவிடாமல் நிறுத்த ஆளில்லை என்றால் ‘லயன்’. பெரும்பாலும் துணை ஹீரோவைத்தான் அணிகள் முதலில் எடுக்கும். கேரி யார் என்பதைக் கடைசிவரை மறைத்து வைப்பார்கள். அதாவது, எதிரணி தன்னைப் பார்த்துத் திட்டமிடட்டும் என்று முதலில் வெளியே வந்து நிற்பவர் துணைவரே.

இவ்வளவையும் செய்பவருக்குக் கோபம் வராமை மட்டும் போதுமா? அணியிலேயே அதிக அறிவும், கணிப்பும், துணிவும் அவருக்கன்றோ வேண்டும்!

இது எங்கள் கற்பனை அன்று. டோட்டா 2 ஆட்டத்திற்கு 2011 முதல் ‘தி இன்டர்நேஷனல்’ என்ற உலகப் போட்டி நடக்கிறது. 2021இல் அதன் பரிசுத் தொகை 4 கோடி அமெரிக்க டாலரைத் தாண்டியது. அதில் வென்ற அணிகளின் தலைவர்களைப் பாருங்கள். 2017இல் வென்ற டீம் லிக்விட் அணியின் தலைவர் ஜெர்மனியின் குரோகி. 2018, 2019 ஆகிய ஈராண்டும் வென்று, இருமுறை வாகை சூடிய முதல் அணி என்ற பெயர் பெற்ற ஓஜி அணியின் தலைவர் டென்மார்க்கின் நோட்டெய்ல். 2021, 2023 ஆகிய ஆண்டுகளில் வென்ற டீம் ஸ்பிரிட் அணியின் தலைவர் ரஷ்யாவின் மிபோஷ்கா. 2024இல் வென்ற டீம் லிக்விட் அணியின் தலைவர் சுவீடனின் இன்சானியா. இந்நால்வரும் ஆடியது ஐந்தாம் இடத்தில்! அணியில் பரம ஏழையாக நின்றவரே அணியை வழிநடத்தினார். தன் பொன்னை எண்ணிக்கொண்டிருப்பவருக்குக் களம் முழுவதையும் பார்க்க நேரம் ஏது?

ஆயினும், அந்த இடத்திற்கு யாரும் முந்திக்கொண்டு வருவதில்லை. ‘ஓவர்வாட்ச்’ என்னும் இன்னோர் ஆட்டத்தில் 2019இல் ஒரு விதியே கொண்டுவந்தார்கள். அன்று அணிக்கு அறுவர். அவருள் தாங்குவோர் இருவர், தாக்குவோர் இருவர், துணை நிற்போர் இருவர் என்று கண்டிப்பாகப் பிரித்துவிட்டார்கள். விதி போட்டுப் பங்கு பிரிக்க வேண்டிய அளவுக்கு எல்லாரும் தாக்குவோராகவே நிற்க விரும்புகிறார்கள் போலும்.

இவ்வளவும் அறிந்து, ஊரிலிருந்து திரும்பிய தோழியிடம், “உன் அருமை இப்போதுதான் தெரிந்தது. இனி எப்போதும் நீதான் எங்கள் சப்போர்ட்” என்று பெருமையாகச் சொன்னோம். அவள் மகிழ்வாள் என்று எதிர்பார்த்தோம். அவளோ, “என்னை ஒரு தடவையாவது கேட்டீர்களா?” என்றாள். எங்களுக்கு விளங்கவில்லை. இத்தனை பாராட்டிய பிறகும் என்ன குறை என்று எங்களுள் சிலர் முகம் சுளித்தோம்.

அதற்கு விடை அடுத்த வாரமே கிடைத்தது. எங்களுள் ஒருத்தி அறிமுகமில்லாத நால்வருடன் ஆடினாள். நடுப்பாதையில் ஆடுவதில் அவளை விஞ்ச எங்களில் ஆளில்லை. ஒலிவாங்கியில் அவள் குரலைக் கேட்டதும் அணியில் ஒருவர், “பெண்ணா? அப்படியானால் நீ சப்போர்ட் எடு” என்றார். அவள் எப்படி ஆடுவாள் என்று அவர் கேட்கவில்லை. அவளும் பேசாமல் எடுத்துக்கொண்டாள். அன்று அவர்கள் வென்றார்களாம். ஆனால் அவளுக்கு மகிழ்ச்சி இல்லை. மறுநாள் எங்களிடம் சொல்லும்போது அவள் கண் கலங்கியது. நாங்கள் அந்த முகம் தெரியாதவரை நன்றாகத் திட்டினோம். திட்டி முடித்த பிறகுதான் எங்களுக்கே உறைத்தது. அமைதியானவள் என்பதற்காகத் தோழியை ஐந்தாம் இடத்தில் நிறுத்திய எங்களுக்கும், பெண் என்பதற்காக இவளை அங்கே நிறுத்திய அவருக்கும் என்ன வேறுபாடு?

தவக்காலத்தில் நாம் செபிக்கும் சிலுவைப்பாதையை நினைத்துப் பார்க்கிறோம். ஐந்தாம் நிலையில் சிரேன் ஊர் சீமோன் ஆண்டவரின் சிலுவையைச் சுமக்கிறார். படைவீரர்கள் அவரைக் கட்டாயப்படுத்தினார்கள். ஆறாம் நிலையில் வெரோனிக்கா தாமே முன்வந்து திருமுகத்தைத் துடைக்கிறார். அவரை யாரும் அனுப்பவில்லை. இருவரையும் நாம் போற்றுகிறோம். ஆனால், சீமோனைக் கட்டாயப்படுத்திய படைவீரர்களை யாரும் போற்றுவதில்லை. துணை நிற்பது புண்ணியம். பிறரைத் துணை நிற்கும்படி தள்ளிவிட்டு, அதைப் புண்ணியம் என்று அவருக்கே போதிப்பது புண்ணியமாகாது.

தொண்டு செய்யுங்கள் என்று அருட்சகோதரிகள் எங்களுக்கு நாள்தோறும் கற்பிக்கிறார்கள். அதை நாங்கள் மறுக்கவில்லை. அவர்களே தாங்களாக விரும்பி வார்த்தைப்பாடு கொடுத்து இவ்வாழ்வைத் தேர்ந்தவர்கள் அல்லவா? அதனால்தான் அவர்கள் தொண்டில் முகமலர்ச்சி இருக்கிறது. அந்தத் தேர்வு எல்லாப் பெண்களுக்கும் கிடைக்கிறதா என்பதே எங்கள் கேள்வி.

பெற்றோர்களே, இதைச் சொல்வதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். பல வீடுகளில் சாப்பாடு முடிந்ததும், “தம்பிக்குப் பரீட்சை, நீ பாத்திரத்தைக் கழுவு” என்கிறீர்கள். அக்காளுக்கும் பரீட்சை இருக்கிறது. அம்மாவோ, யாரும் கேளாமலே என்றென்றும் ஐந்தாம் இடத்தில் நிற்கிறார்கள். வீட்டில் யாருக்கு எது எப்போது வேண்டும் என்று அவர்கள் அறிந்து வைத்திருப்பதால்தான் நாங்கள் எல்லாரும் கேரியாக ஆட முடிகிறது. பரிசு வாங்கும் நாளில் அவர்கள் கடைசி வரிசையில் அமர்ந்து கைதட்டுகிறார்கள். அவர்களை நாங்களும்தான் கேட்டதில்லை. இந்தக் குற்றத்தில் எங்களுக்கும் பங்குண்டு.

ஆகவே, எங்கள் வழக்கின் தீர்ப்பு இதுதான். துணை நிற்கும் இடம் தாழ்ந்த இடம் அன்று. தலைமைக்கு உரிய இடம். உயர்ந்த இடமாதலால் அதை ஒருத்தி தலையில் கட்டிவிடக் கூடாது. ஒவ்வொருவரும் முறை வைத்து ஏற்கவேண்டும். ஏற்றவருக்கு நன்றி சொல்லவேண்டும். தோற்றால் முதலில் அவரைக் குறை கூறக்கூடாது.

இப்போது நாங்கள் ஆட்டத்திற்கு ஒருவராக இடம் மாற்றிக்கொள்கிறோம். முதன்முறை ஐந்தாம் இடத்தில் நின்றபோது எங்களில் சிலருக்கு வார்ட்டை எங்கே நடுவதென்றே தெரியவில்லை. அமைதியான அந்தத் தோழிதான் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். அவள் கேரியாக ஆடிய முதல் நாள் தோற்றோம். ஆனால், அவள் ஆபத்தில் சிக்கியபோது நாங்கள் நால்வரும் அவளைக் காப்பாற்ற ஓடினோம். இறுதித் தேர்வுக்குப் படிக்கவேண்டி இருப்பதால் ஆட்டத்தை இப்போது நிறுத்தி வைத்திருக்கிறோம். விடுமுறை வந்ததும் மீண்டும் ஆடுவோம். முதல் ஆட்டத்தில் எந்த இடம் வேண்டும் என்று அவளிடமே கேட்டோம். சற்று யோசித்து, “ஐந்தாம் இடம்” என்றாள். இம்முறை அது அவள் தேர்ந்தெடுத்தது.

நாமும் நம் வீட்டிலும் வகுப்பிலும், “உனக்கு எந்த இடம் வேண்டும்?” என்று ஒருவரை ஒருவர் கேட்கப் பழகுவோமாக!

— பத்தாம் வகுப்பு மாணவி