மரண விசாரணையும் கொடுப்பனவும்

அரச செலவினத்தைக் குறைக்க வேண்டும் என்ற குரல் எழும்போதெல்லாம் ஊழியரின் வேதனமே முதலிற் கண்ணிற்படுகின்றது. 2020ஆம் ஆண்டு மே மாதச் சம்பளத்தை நன்கொடையாக வழங்குமாறு சனாதிபதியின் செயலாளர் அரச ஊழியரைக் கேட்டார். 2023 சனவரியில் நிறைவேற்றுத் தர உத்தியோகத்தரின் சம்பளத்தைப் பிந்தி வழங்க அமைச்சரவை தீர்மானித்தது. இவை யாவரும் அறிந்தவை. சுற்றறிக்கை எதுவுமின்றி நிகழும் வெட்டும் ஒன்றுண்டு. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஓராண்டுக்குள் 69.8 வீதம் உயர்ந்திருந்தது. அவ்வாண்டில் திருத்தப்படாத கொடுப்பனவு எதுவாயினும், தன் பெறுமதியில் ஐந்தில் இரண்டு பங்கை இழந்தது.

நிரந்தரச் சம்பளமின்றிக் கொடுப்பனவை நம்பிப் பணிபுரிபவர் திடீர் மரண விசாரணை அதிகாரி. நுகேகொடையில் ஒருவர் திடீரென இறப்பின் உடல் பெரும்பாலும் அயலிலுள்ள களுபோவில வைத்தியசாலைக்கே செல்லும். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி மரணத்தின் காரணத்தை ஆராய்ந்து பதிவுசெய்பவர் இவ்வதிகாரி. ஐயத்துக்கிடமான மரணம் நீதவானின் கவனத்துக்குச் செல்வதற்கு அவரது அறிக்கையும் ஒரு வழி.

இது பகுதிநேரச் சமூக சேவை, சிறுதொகை போதும் என்பர் சிலர். இங்கிலாந்தின் வரலாறு இவ்வாதத்தை மறுக்கின்றது. அங்கு 1751ஆம் ஆண்டுச் சட்டம் விசாரணையொன்றுக்கு 20 சிலிங் விதித்தது. அத்தொகையை அனுமதிக்கும் அதிகாரம் சமாதான நீதிபதிகளிடம் இருந்தது. வன்முறையின் அடையாளம் வெளிப்படையாகத் தெரியாத மரணங்களை விசாரித்தமைக்கு அவர்கள் பணம் மறுத்தனர். எம்மரணத்தை ஆராய்வது என்பதைக் கணக்குப் புத்தகம் தீர்மானிக்கலாயிற்று. 1860இல் மாகாண விசாரணையாளருக்குக் கட்டணத்துக்குப் பதிலாகச் சம்பளம் வகுக்கப்பட்டது.

இலங்கையில் இப்பிரச்சினையின் கனம் இன்னும் பெரிது. 1983 ஜூனில் வெளியான 15அ என்னும் அவசரகால ஒழுங்குவிதி, மரண விசாரணையோ பிரேத பரிசோதனையோ இன்றி உடல்களைப் புதைக்கவும் எரிக்கவும் படையினருக்கு இடமளித்தது. செம்மணியில் 2025இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள், உரிய காலத்தில் விசாரிக்கப்படாத மரணங்களின் சாட்சியாகும். அன்று ஒழுங்குவிதி செய்ததை இன்று வறிய கொடுப்பனவு ஓசையின்றிச் செய்யக்கூடும். போதிய ஊதியமற்ற விசாரணை அவசரமாக முடியும். அவசரமாக முடிந்த விசாரணையில் கொலையும் விபத்தாகப் பதியப்படலாம்.

ஆதலின் கொடுப்பனவின் பெறுமதி வீழ்ச்சியை ஈடுசெய்வது முதற்கடன். விசாரணைகளின் எண்ணிக்கையைச் சாராத நிலையான வேதனமாக அதனை மாற்றுவது அடுத்த கடன். திறைசேரி மிச்சம் பிடிக்கும் சில ரூபாய்களின் இழப்பை ஏற்பவர், முறையிட வாயற்ற இறந்தவரே.