இசைப்பெட்டி வாணிபமும் இஸ்லாமிய நேர்மையும்

பழைய கிராமபோன் பெட்டிகளையும் வால்வு ரேடியோக்களையும் மலிவாக வாங்கிப் பெருவிலைக்கு விற்போர்மீது இந்நாளில் ஒரு கண்டனம் எழுந்துள்ளது. கண்டிப்போர் யாவர்? அப்பெட்டிகளைச் சேகரித்து வரவேற்பறையில் அடுக்கிவைக்கும் வசதி படைத்தோர். "ஆசையுள்ளவன் கையிற் சேரவேண்டிய பொருளை ஆதாயக்காரன் இடைமறித்து விலையை ஏற்றிவிடுகிறான்" என்பது அவர்தம் புலம்பல். அமெரிக்காவிலும் இதே புலம்பல்தான், பொருள்தான் வேறு. ஸ்பேஸ் இன்வேடர்ஸ் (1978), பேக்மேன் (1980) முதலான, காசு போட்டு விளையாடும் ஆளுயரப் பெட்டிகள் அங்கே கடைகளிலிருந்து கழிக்கப்பட்டுப் பின்னர்ச் சேகரிப்போரின் பொக்கிஷங்களாயின. வாங்கிய கையோடு விற்று இலாபம் காண்போரை அங்குள்ள ஆர்வலர்களும் ஏசியே வருகின்றனர்.

இக்கண்டனத்தில் நமக்கு உடன்பாடில்லை. இலாபத்திற்கு ஷரீஅத் உச்சவரம்பு கட்டியதில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் ஓர் ஆடு வாங்கிவருமாறு உர்வா அல்பாரிகீ (ரலி) அவர்களிடம் ஒரு தீனாரைத் தந்தார்கள். அவரோ அதனைக்கொண்டு இரண்டு ஆடுகள் வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்றுவிட்டு, ஆட்டையும் தீனாரையும் கொண்டுவந்து ஒப்படைத்தார். அவருடைய வியாபாரத்தில் பரக்கத் உண்டாகப் பெருமானார் துஆச் செய்தார்கள் என்பது புகாரியில் உள்ள செய்தி. மதீனாவில் விலையேறியபோது விலை நிர்ணயம் செய்ய வேண்டப்பட்டும் அண்ணலார் அதற்கு இணங்கவில்லை. பதுக்கலுக்குத் தடை உண்டே எனலாம். அத்தடை மக்களின் உணவையும் தேவையையும் பற்றியது. கிராமபோன் இல்லாமையால் எவர் வீட்டிலும் உலை கொதிக்காமற் போனதில்லை.

மேலும், பெட்டியைத் தேடி ஊரூராய் அலைபவன் வியாபாரியே. அறுந்த ஸ்பிரிங்கை மாற்றித் துருவைப் போக்கி மீண்டும் பாடவைப்பவனும் அவனே. அவன் வாராவிடில் அது காயலான் கடைக்குப் போய்ப் பித்தளை வேறு, இரும்பு வேறு என உடைபட்டிருக்கும். சென்னை மூர் மார்க்கெட்டின் பழம்பொருட் கடைகள் 1985 மே மாதத் தீயில் அழியும்வரை செய்துவந்ததும் இப்பணியே. நாகூர் ஹனீபாவின் இசைத்தட்டு ஒன்றை அத்தகைய கடையில் தேடிப்பிடித்த நம் வாசகர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆகவே செல்வர் வாங்கும் விலை பற்றி நாம் கவலுறோம். விலை பிடிக்காதவர் வாங்காது போகலாம். நாம் கேட்பது அவ்வியாபாரி வாங்கிய விலையைப் பற்றி.

சென்னை–அரக்கோணம் இருப்புப்பாதையில் உள்ள நம் மணவூரையும், திருத்தணி தொட்டு ஆந்திர எல்லைவரை பரந்த சிற்றூர்களையும் நோக்கிச் சிறு லாரிகள் வருகின்றன. ஓர் இல்லத்தை எண்ணிப் பாருங்கள். மலாயாவிலிருந்து கணவர் கொண்டுவந்த பெட்டி பரணில் கிடக்கிறது. கணவர் மவுத்தாகி ஆண்டுகள் பல. வந்தவன் சட்டைப்பையிலுள்ள கைப்பேசியில் அதன் சந்தை விலையைக் கண்டவன்; வாயால் சொல்வதோ, "ஓடாத பெட்டிம்மா, பித்தளை விலைதான் தேறும்." ஐந்நூறு ரூபாயைக் கையில் வைத்துவிட்டுத் தூக்கிப் போகிறான். நகரில் அது எத்தனை ஆயிரத்துக்குப் போயிற்று என்பது அந்த அம்மைக்கு எக்காலத்தும் தெரியப்போவதில்லை.

சரக்கேற்றி வரும் பயணக் கூட்டத்தைச் சந்தையை அடையுமுன் எதிர்சென்று சந்தித்து வாங்குவதை நபிபெருமானார் தடுத்தார்கள். காரணம் வெளிப்படை: வருவோனுக்குச் சந்தை நிலவரம் தெரியாது, எதிர்செல்வோனுக்குத் தெரியும். அவ்வாறு விற்றுவிட்டவன் சந்தைக்கு வந்து உண்மை விலையறிந்தால் பேரத்தை முறிக்கும் உரிமையும் அவனுக்கு உண்டென்று முஸ்லிமில் வந்துள்ளது. நம் காலத்தில் ஒட்டகக் கூட்டம் இல்லை. பரணில் பெட்டி வைத்திருக்கும் கிழவியே அக்கூட்டம்.

இங்கே ஃபிக்ஹு கற்ற நண்பர் குறுக்கிடுவார்: "விலை வித்தியாசம் மட்டுமே பேரத்தை முறிக்காதென்று ஷாஃபி, ஹனஃபி இரு மத்ஹபிலும் உள்ளதே!" உள்ளதுதான், நாமும் அதையே பாடம் சொல்கிறோம். ஆனால் ஏமாற்று கலந்தால் பேச்சு மாறுகிறது. ஓடும் பெட்டியை ஓடாது என்றவன் வாய்திறந்து பொய் சொன்னவன். எதிர்சென்று வாங்கும் விஷயத்திலோ ஷாஃபி மத்ஹபே விற்றவனுக்கு முறிக்கும் உரிமை தருகிறது. தவிர, காஜியிடம் செல்லுபடியாகும் பேரம் யாவும் நன்றென்று எந்த இமாம் சொன்னார்?

ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் ஆள் ஒரு குதிரையை முந்நூறு திர்ஹத்துக்குப் பேசி முடித்து, பணம் பெற உடையவனை அழைத்துவந்தான். குதிரையைக் கண்ட ஜரீர், "இது கூடுதல் பெறுமே, நானூறுக்குத் தருகிறாயா?" என்றார். பிறகு ஐந்நூறு என்றார். இவ்வாறு ஏற்றிக்கொண்டே போய் எண்ணூறு கொடுத்து வாங்கினார். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாகத் தாம் நபியவர்களிடம் பைஅத் செய்திருப்பதே காரணம் என்றார். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் முஸ்லிமின் விரிவுரையில் இதை எடுத்தெழுதியுள்ளார்கள். வாங்குபவனே விலையை ஏற்றிய இப்பேரத்தை நம் பெட்டி வணிகர் கனவிலும் கண்டிருப்பாரா?

விற்குமிடத்து மோசடியும் உண்டு. பழைய எந்திரத்தைப் புதுமரப் பெட்டியில் பொருத்தி, புதுப் பித்தளைக் குழலை மாட்டி, நாய் செவிசாய்க்கும் முத்திரையையும் ஒட்டி, நூறாண்டுப் பழமை என்று விற்கின்றனர். ஈரத் தானியத்தை அடியில் மறைத்தவனை நபியவர்கள் கண்டித்ததை அறிந்த சமுதாயத்திற்கு இதைப்பற்றி அதிகம் எழுதவேண்டியதில்லை. இது மோசடி என்பது செய்பவனுக்கே தெரியும்.

"உண்மை விலையைச் சொன்னால் நாங்கள் பிழைப்பது எங்ஙனம்?" என்பார் வியாபாரி. வழி உண்டு, தரகு நம் மார்க்கத்தில் ஆகுமானதே. "அம்மா, இப்பெட்டி பட்டணத்தில் நல்ல விலை போகும். நானே செப்பனிட்டு விற்றுத் தருகிறேன், வந்த விலையில் இத்தனை பங்கு எனக்கு" என்று முதலிலேயே பேசிக்கொள்ளட்டும். பொறுக்க இயலாத ஏழையாயின் முன்பணம் கொடுத்துக் கணக்கில் கழித்துக்கொள்ளட்டும். செப்பனிட்ட செலவுக்கும் வண்டிக் கூலிக்கும் சீட்டு எழுதி, விற்ற அன்றே எஞ்சியதை அவ்வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும். வீட்டிலுள்ள பிள்ளைகளும், ஐந்நூறைக் கண்டதும் தலையாட்டாமல், அரக்கோணத்திலோ சென்னையிலோ இரண்டு கடைகளில் விலை கேட்டுவிட்டுப் பரண்மேல் ஏறட்டும்.