பொதுப் பாடசாலையும் புகுமுகப் பரீட்சையும்

கலாசாலைக்கு வந்து சேரும் மாணாக்கனது தரம் பெரும்பாலும் உயர்தரப் பாடசாலையிலேயே அமைந்துவிடுகின்றது. தானே படிக்கும் பழக்கமும், பலர் நடுவே அஞ்சாது பேசும் பழக்கமும் அங்கே வாய்த்திருந்தால் இங்கே அவன் வழி எளிதாகும். வாய்க்காவிடின் இங்குள்ள ஆசிரியர் படும் பாடு பெரிது. ஆதலின், கலாசாலைப் படிப்புக்கென்றே மாணாக்கரை ஆயத்தம் செய்யும் பாடசாலைகளைப் பற்றி ஆராய்தல் நமக்குப் புறம்பான காரியம் அன்று. தனவந்தர் தம் மக்களுக்கென அமைத்துக்கொண்ட பாடசாலைகளை ஈண்டு நாம் கருதவில்லை. ஊரார் வரிப்பணத்தால் நடைபெறுவதும், சம்பளம் வாங்காததும், ஆயினும் பரீட்சை வைத்துச் சிலரை மட்டுமே சேர்த்துக்கொள்வதுமான பொதுப் பாடசாலையே நாம் எடுத்துக்கொண்ட பொருள். அதன் பெருமையை எதனைக் கொண்டு அளப்பது? இவ்வினாவுக்கு விடை காண, இவ்வகையில் மிகப் பழைய பாடசாலை ஒன்றை நோக்குவோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே பாஸ்டன் நகரத்தார் 1635-ஆம் ஆண்டில் லத்தீன் பாடசாலையை நிறுவினர். ஹார்வார்டு கலாசாலை தோன்றியது அதற்கு அடுத்த ஆண்டில். தங்கள் மாணாக்கர் போய்ச் சேர்வதற்கு ஓர் இடம் வேண்டியே ஹார்வார்டு உண்டாயிற்று என்று அப்பாடசாலையார் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. 1776-இல் அமெரிக்கச் சுதந்தரப் பிரகடனத்தில் கையொப்பமிட்டோருள் ஐவர் அங்கே பயின்றவர். எமர்ஸன் என்னும் அறிஞரும், ஸாந்தயானா என்னும் தத்துவ நூலாரும், 1935-இல் படிப்பு முடித்த பெர்ன்ஸ்டைன் என்னும் சங்கீத மேதையும் அதன் பழைய மாணாக்கரே.

அதன் அகவாழ்வு நம் கவனத்துக்கு உரியது. ஏழாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆறு ஆண்டுப் படிப்பு. வகுப்புக்களை அவர்கள் எண்ணும் முறை புதுமையானது: புதிதாய் நுழைபவர் ஆறாம் வகுப்பினர், படிப்பு முடித்து வெளியேறுவோர் முதல் வகுப்பினர். லத்தீன் மொழி இன்றும் கட்டாய பாடம். வீட்டுப் பாடம் மிகுதி. ஒரு பகுதியை மனனம் செய்து வகுப்பின் முன் நின்று, பொருளுக்கேற்ற குரலோடு சொல்லும் பயிற்சியும் உண்டு. சிறந்தோர் பாடசாலை முழுவதும் கூடிய அவையில் பேசுவர். மாணாக்கர் இதழ் ஒன்று 1881-இல் தொடங்கப்பெற்றது. அக்காலத்தில் அங்குப் பயின்ற ஸாந்தயானா அதன் தொடக்க ஆசிரியருள் ஒருவர். அதே நகரத்து ஆங்கில உயர்தரப் பாடசாலையோடு நன்றியறிதல் திருநாளில் ஆடும் கால்பந்துப் பந்தயம் 1887-இல் தொடங்கிய மரபு.

“வழக்கொழிந்த மொழியைக் கற்று ஆவது என்ன?” என்று வினவுவார் பலர். நாம் அதில் ஒரு நியாயம் காண்கின்றோம். இன்று எவர் வீட்டிலும் லத்தீன் பேசுவாரில்லை. நியாயாதிபதியின் மகளும், கடலுக்கு அப்பாலிருந்து குடியேறிய கூலிக்காரன் மகனும் முதல் நாளில் ஒரே எழுத்திலிருந்து தொடங்குகின்றனர். வீட்டுச் செல்வம் அங்கே முந்திக்கொள்வது எளிதன்று. வகுப்பின் முன் நின்று பேசுங்காலும் அப்படியே. பரம்பரைப் பெருமை மறந்த வரியை எடுத்துக்கொடாது. அனைவர்க்கும் ஒரே பாரத்தை ஏற்றி, அதனைச் சுமக்கக் கற்பிப்பதே இத்தகைய பாடசாலையின் சிறப்பு என்பது நம் கருத்து.

இனி வாயிலைப் பார்ப்போம். அங்கேதான் வழக்கு எழுகின்றது. மெழுகுவர்த்தி செய்து விற்றுவந்த ஒருவர் தம் பிள்ளைகள் பதினேழு பேருள் ஒருவரைச் சற்றேறக்குறைய 1714-இல் இப்பாடசாலைக்கு அனுப்பினார். சிறுவன் வகுப்பில் முதன்மையாக விளங்கினான். ஆயினும் பின்னர்க் கலாசாலைச் செலவு தம்மால் ஆகாது என்று தந்தை கருதி, ஓராண்டு முடியுமுன்னரே அவனை நிறுத்திவிட்டார். அச்சிறுவனே பெஞ்சமின் பிராங்க்ளின். பழைய பாடசாலை இருந்த இடத்தருகே இன்று அவர் சிலை நிற்கின்றது! கையொப்பமிட்ட ஐவருள் அவரும் ஒருவர். வாயிலைத் திறந்து வைத்தல் மட்டும் போதாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

1932-இல் அங்குப் படித்து முடித்த தியோடோர் ஒயிட் என்னும் எழுத்தாளர், தம் காலத்தில் எக்குலத்தாரையும் பாடசாலை சேர்த்துக்கொண்டது. அவ்வாறே பேதம் பாராது தவறச்செய்து வெளியே தள்ளவும் செய்தது என்று எழுதியிருக்கின்றார். பின்னாளில் வாயிலிலேயே பரீட்சை வந்தது. அது எல்லார்க்கும் ஒரே கோலாக இருந்ததோ? 1972-இல் தீர்ப்பான ஒரு வழக்கால் வெளிப்பட்ட செய்தி இது: பரீட்சை ஒன்றே, 200-க்கு 120 வாங்கிய ஆண்பிள்ளைக்கு இடம் உண்டு, பெண்பிள்ளையோ 133 வாங்க வேண்டும். பெண்கள் பாடசாலைக் கட்டடத்தில் இடம் குறைவு என்பதே காரணம்! அவ்வாண்டு முதல் பெண்களும் லத்தீன் பாடசாலையிற் சேரலாயினர்.

கறுப்பு இனத்துப் பிள்ளைகள் கதையும் இவ்வாறே நீதிமன்றங்களில் நடந்தது. பாஸ்டன் நகரப் பாடசாலைகளில் நிற வேற்றுமை வேண்டுமென்றே பேணப்பட்டது என்று 1974-இல் தீர்ப்பாயிற்று. மறு ஆண்டில், பரீட்சைப் பாடசாலைகளில் புதிதாகச் சேர்வோருள் நூற்றுக்கு 35 பேராவது கறுப்பு இனத்தாரும் ஹிஸ்பானிய மரபினருமாக இருத்தல் வேண்டும் என விதிக்கப்பெற்றது. பின்பு நகரம் கைக்கொண்ட இனம் நோக்கிய முறையை 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிற்று. கொள்ளைநோய்க் காலத்தில், 2021-ஆம் ஆண்டுச் சேர்க்கைக்குப் பரீட்சை நின்றது. மதிப்பெண்ணும் குடியிருக்கும் வட்டாரமும் பார்த்துச் சேர்த்தனர். அதனை எதிர்த்த வழக்கை 2024 டிசம்பரில் உச்சநீதிமன்றம் விசாரணைக்கு ஏற்க மறுத்தது. பரீட்சை மீண்டும் வந்ததாயினும், வகுப்பு மதிப்பெண்ணும் சேர்த்து எண்ணப்பெறுகின்றது. வட்டாரங்களின் பொருளாதார நிலையும் நோக்கப்பெறுகின்றது. விதிகள் இன்னும் திருத்தம் பெற்றே வருகின்றன.

“வாயிலை அகலமாக்கினால் தரம் தாழ்ந்துவிடும்” என்பர் ஒரு சாரார். இதனை நாம் எள்ளி நகையாடோம். ஆயத்தமில்லாத பிள்ளையைக் கடின வகுப்பில் இருத்திக் கைவிடுதல் அவனுக்குச் செய்யும் உபகாரம் அன்று. ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரு நாட்காலையில் எழுதும் பரீட்சை எதனை அளக்கின்றது? அறிவை அளக்கின்றது; அதனோடு தனி ஆசிரியரை அமர்த்தக்கூடிய தந்தையின் பொருளையும், அமைதியான அறையையும், நல்ல ஆரம்பப் பாடசாலையையும் சேர்த்தே அளக்கின்றது. உள்ளே லத்தீன் பாடம் நீக்கும் வேற்றுமையை, வெளியே பரீட்சை மீண்டும் நாட்டிவிடுகின்றது. பெண்கள் வந்ததனால் லத்தீன் எளிதாகிவிடவுமில்லை. மேடைப் பேச்சு நின்றுவிடவுமில்லை. தரம் என்பது வாயிற்காவலில் இல்லை. வகுப்பறைக்குள்ளே கேட்கும் உழைப்பில் உள்ளது.

மற்றோர் ஆபத்தும் உண்டு. புகுமுகப் பரீட்சையில் வென்று வந்தவன் அடுத்த வாயிலையே நோக்கி நிற்கின்றான். சங்கத்திற் சேர்வதும், வாத்தியம் பயில்வதும், இதழில் எழுதுவதும் கலாசாலை விண்ணப்பத்துக்கு அலங்காரமாகிவிடின், அவற்றின் உயிர் போய்விடும். தூக்கத்தை விற்று மதிப்பெண் வாங்குதல் கல்வியன்று, வாணிபம். கலாசாலைக்கு ஆயத்தம் செய்தல் என்பது கலாசாலையில் இடம் பிடித்துக் கொடுத்தல் மட்டும் அன்று; அங்கே சென்றபின் செய்தற்குரிய காரியத்துக்கு மனத்தைப் பண்படுத்துதலே ஆகும்.

ஆதலின் நம் துணிபு இதுவே. பொதுப் பணத்தில் வாழும் பாடசாலை, தான் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினோம் என்று பெருமை கொள்ளுதல் தகாது. சேர்த்துக்கொண்டவருள் எத்தனை பேரைக் கைப்பிடித்துக் கரையேற்றினோம் என்பதே அதன் கணக்காதல் வேண்டும். ஆறாம் வகுப்பினராய் நுழைந்தோர் அனைவரும் முதல் வகுப்பினராய் வெளியேறுமாறு மாலை வேளைகளில் துணைப்பாடம் நடத்துதலும், ஏழை வட்டாரத்து ஆரம்பப் பாடசாலைகளைச் சீர்படுத்துதலும் நகரத்தாரின் கடமை. பாடம் கடினமாக இருக்கட்டும். அதனை எட்டுவதற்குப் படிகள் பலவாகட்டும்.

இவ்விதழைப் படிக்கும் நண்பர்காள்! ஒரு வாயிலைக் கடந்து உள்ளே வந்தவர் நாம் அனைவரும். கடந்தது நம் திறமையால் என்று எண்ணுதல் இயல்பே. ஆயினும் அத்திறமைக்கு உரம் இட்டவர் யாவர், அவ்வுரம் கிட்டாது வெளியே நின்றுவிட்டவர் யாவர் என்பதனையும் ஒரு கணம் எண்ணிப் பார்ப்போமாக. உங்களுள் பலர் நாளை ஆசிரியராய், அதிகாரிகளாய், வாயில்களின் திறவுகோலைக் கையிற் கொள்வீர்கள். அப்போது இவ்வெண்ணம் உங்களோடு இருப்பதாக.