அரை அங்குலக் கணக்கு



ஆவணி பிறந்தால் நம் ஊர்ச் சாலைக்குக் காவி நிறம் வந்துவிடும். கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி என்று நடந்தே வருகிற வேளாங்கண்ணி யாத்திரைக்காரர்கள் காரைக்காலுக்குள் நுழைந்து, தண்ணீர் பந்தலில் சற்றே உட்கார்ந்து, நாகூர்ப் பக்கம் போவார்கள். ஆகஸ்ட் 29-ல் கொடியேறி செப்டம்பர் 8-ல் திருவிழா முடிந்ததும் அதே சாலையில் பேருந்துகள் வடக்கே திரும்பும். ஜன்னலோரமெல்லாம் சந்தனம் பூசிய மொட்டைகள். நாகூர் தர்கா குளத்தருகே முடியிறக்குகிறவர்களுக்கு மதமும் கிடையாது, மாதமும் கிடையாது. வடக்கே வைத்தீஸ்வரன்கோயிலில் பிள்ளைகளுக்கு முதல் மொட்டை. இப்படி நாலா பக்கமும் நேர்த்திக்கடன் தலங்கள் சூழ உட்கார்ந்திருக்கிற ஊரில் மொட்டைத் தலையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

திரும்பிப் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

மொட்டைக்கு ஒரு மரியாதை உண்டு. "வேண்டுதலாம்மா?" என்று கேட்டுவிட்டுப் பேருந்தில் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். நாலு மாதம் கழித்து அதே தலையில் முடி இரண்டு அங்குலம் வளர்ந்து, காதுக்கு மேலே இரண்டு பக்கமும் விறைத்து நிற்கும்போது அந்த மரியாதை காணாமல் போய்விடும். "என்னடி, ஆம்பளப் புள்ள மாதிரி கிராப்பு வெட்டிக்கிட்ட?" என்று கல்யாண வீட்டில் பெரியம்மா கேட்பார். தை தொடங்கி வைகாசி வரை நம் அலுவலகத்துக்கு வருகிற பெண்களின் கடிதங்களில் இந்தக் குறை ஏதோ ஒரு மூலையில் இருக்கும். பூ நிற்கவில்லை, சடை எட்டவில்லை, சவுரி வைக்கலாம் என்றால் அதைக் கட்டக்கூடப் பிடி கிடைக்கவில்லை. இந்த மாதம் அதற்கென்றே இந்தப் பக்கத்தை ஒதுக்கிவிட்டேன்.

முடி வளர்ந்த கதை என்றால் நம் வட்டாரத்தில் முதலில் நினைவுக்கு வருகிறவர் திருக்கண்ணபுரத்துச் சௌரிராஜப் பெருமாள். அர்ச்சகர் கொடுத்த மாலையில் ஒரு தலைமுடி இருப்பதை அரசன் பார்த்துவிட்டான். அது அர்ச்சகரின் மனதுக்குப் பிடித்த பெண் சூடிய மாலை. மாட்டிக்கொண்ட அர்ச்சகர், "பெருமாளுக்கே முடி இருக்கிறது" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். மறுநாள் நேரில் வந்து பார்ப்பதாக அரசன் போக, இரவெல்லாம் அழுத பக்தனைக் கைவிட மனமில்லாமல் பெருமாள் முடி வளர்த்துக்கொண்டு நின்றார். அரசன் நம்பாமல் ஓர் இழையைப் பிடுங்க, ரத்தம் கசிந்ததாம். அந்தப் பெருமாள்தான் மாசி மகத்தன்று நம் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருகிறார். மீனவ மக்கள் தங்கள் வீட்டு மாப்பிள்ளையாகவே அவரை வரவேற்று ஆரவாரம் செய்கிறார்கள். ஒரே ராத்திரியில் முடி வளர்ந்தது அவருக்கு மட்டும்தான். மற்றவர்களுக்கெல்லாம் மாதத்துக்கு அரை அங்குலம், தாராளமாகப் பார்த்தால் அதற்கும் ஒரு நூல் கூட. வருடத்துக்கு ஆறு அங்குலம். எந்த எண்ணெய் விளம்பரமும் இந்தக் கணக்கைப் பெரிதாக மாற்றிவிடாது.

மொட்டை அடித்தால் முடி அடர்த்தியாக வளரும் என்பதும் அந்த விளம்பரம் மாதிரிதான். கத்தி படுவது தோலுக்கு வெளியே. வேர் இருப்பது உள்ளே. வெளியே வெட்டியது வேருக்குத் தெரியப்போவதில்லை. 1928-லேயே மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் சவரம் செய்த முடியை அளந்து பார்த்து, தடிமனும் வேகமும் மாறவில்லை என்று எழுதிவிட்டார். இயல்பாக வளர்ந்த முடியின் நுனி மெலிந்து கூராக இருக்கும். வெட்டிய நுனி மொட்டையாக இருப்பதால் கைக்குச் சொரசொரப்பாக, கண்ணுக்கு அடர்த்தியாகத் தெரிகிறது. அவ்வளவே. இதைச் சொன்னால் பாட்டிகள் கோபித்துக்கொள்கிறார்கள். நேர்த்திக்கடனை நேர்த்திக்கடனாகவே செய்யலாம், அதற்கு முடி வைத்தியம் என்று இன்னொரு காரணம் எதற்கு என்பது என் கட்சி.

அரை அங்குலக் கணக்கை நம் ஊர்ப் பண்டிகைகளோடு சேர்த்துப் பார்த்தால் மனசில் நிற்கும். வேளாங்கண்ணித் திருவிழாவில் முடியிறக்கியவருக்குத் தீபாவளிக்கு ஓர் அங்குலம். பொங்கலுக்கு இரண்டு. மாசி மகத்துக்குக் கிட்டத்தட்ட மூன்று. ஆனியில் மாங்கனித் திருவிழாவுக்கு ஐந்து வந்துவிடும், காது மூடும். அடுத்த கொடியேற்றத்துக்கு ஆறு. தோளைத் தொட இன்னும் பல மாதம். தீபாவளி வரை கஷ்டமே இல்லை. ஜிமிக்கியும் பெரிய பொட்டும் அந்த நீளத்துக்கு எடுப்பதுபோல வேறெதற்கும் எடுக்காது. அடைமழைக் காலத்தில் தலை காயவில்லையே என்ற கவலையும் இல்லை. சோதனை பொங்கலில் ஆரம்பிக்கிறது.

அது ஏன் என்று புரிந்தால் பாதி வேலை முடிந்தது. தலை முழுக்க முடி ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் வளர்கிறது. ஆனால் உச்சியில் இருக்கிற முடி கழுத்துக்கு வந்து சேர நிறையத் தூரம் போகவேண்டும். பிடரி முடி முளைக்கும் இடமே கழுத்துதான். ஆகவே உச்சியில் இரண்டு அங்குலம் நிற்கும்போது பிடரியில் அதே இரண்டு அங்குலம் சட்டைக் காலரைத் தொட்டு, வாத்து வால் மாதிரி வெளியே வளைந்துகொள்கிறது. காதோரத்துக்கும் இதே கதை. மேலே தட்டை, பக்கத்தில் உப்பல், பின்னால் வால். கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து, ஒரு நாள் பொறுமை போய், மறுபடி மொத்தமாக வெட்டிக்கொள்கிறார்கள். கணக்கு திரும்பவும் பூஜ்யத்தில் நிற்கும்.

"வளர்க்கிறேன், அதனால் கத்தரியே படக்கூடாது" என்று சபதம் எடுக்கிறவர்கள்தான் இதில் அதிகம் தோற்கிறார்கள் என்பது என் எண்ணம். முடி வளர்க்கிறவர் பிடரியை வெட்டத்தான் வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்லர் அக்காவிடம் போய், "மேலே தொடாதீங்க, பின்னாடியும் காதோரமும் மட்டும் டிரிம் பண்ணுங்க" என்று சொல்லுங்கள். இதை உட்காரும் முன்பே சொல்லிவிடுவது நல்லது. துணி போர்த்திய பிறகு சொன்னால் சிலர் காதில் விழுவதில்லை. உச்சி முடி இறங்கி வந்து பிடரியைப் பிடிக்கும் வரை பிடரி காத்திருக்கிறது. இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டால் அதற்குப் பெயர் பாப் வெட்டு. ஆசைப்பட்டு வெட்டிக்கொண்ட மாதிரியே இருக்கும். அங்கிருந்து நீளத்துக்குப் போவது சுலபம்.

பாப் என்றதும் ஓர் உபகதை. நம்மில் பலருக்குப் பாரிஸில் சித்தப்பாவோ அத்தையோ இருக்கிறார்கள், லா ஷப்பேல் பகுதித் தமிழ்க் கடைகளின் பைகள் நம் வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. அந்தப் பாரிஸில் 1909-ல் அந்துவான் என்ற போலந்துக்கார முடிதிருத்துநர் ஜான் ஆஃப் ஆர்க்கை மனதில் வைத்துப் பெண்களுக்குக் குட்டை முடி வெட்ட ஆரம்பித்தார். புதுச்சேரி கடற்கரைச் சாலை அருகே சிலையாய் நிற்கிறாரே, அதே ஜான் ஆஃப் ஆர்க்தான். 1920-களில் அந்த வெட்டு உலகம் முழுக்கப் பரவியது. 1930-களில் நீள முடிக்கு மறுபடி மவுசு வந்தபோது லட்சக்கணக்கான பெண்கள் ஒரே சமயத்தில் இந்த ரெண்டுங்கெட்டான் நீளத்தில் மாட்டிக்கொண்டார்கள். அலை அலையாகச் சுருட்டிக்கொண்டும், பிடரியில் உள்பக்கமாகச் சுருட்டிச் செருகிக்கொண்டும் சமாளித்தார்கள். நாம் அட்டை அட்டையாக வாங்குகிற கறுப்பு ஹேர்பின் பரவியதே பாப் வெட்டோடுதான்.

அந்த ஹேர்பின்னை நம்மில் முக்கால்வாசிப் பேர் தலைகீழாகக் குத்துகிறோம். ஒரு கால் நேராக, ஒரு கால் நெளிநெளியாக இருக்கும் அல்லவா? நெளிந்த கால்தான் தலையோடு ஒட்டி உள்ளே போகவேண்டும். அந்த நெளிவுதான் முடியைப் பிடித்து நிறுத்துகிறது. அழகுக்கென்று நெளிவை வெளியே காட்டிக் குத்துவதால்தான் மூன்று அங்குல முடியில் பின் வழுக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. இரண்டு பின்னைப் பெருக்கல் குறிபோல மாற்றிக் குத்தினால் மதியக் கடற்காற்றிலும் அசையாது.

மாசிக்கு மேல் கைவேலைக்கு இடம் கிடைக்கிறது. நேர்வகிட்டைக் கொஞ்ச காலம் மறந்துவிட்டு ஆழமான கோணல் வகிடு எடுங்கள். நெற்றியோர முடியை இரண்டு பக்கமும் கயிறுபோல முறுக்கிக் காதுக்குப் பின்னால் பின் குத்தினால் உப்பல் அடங்கிவிடும். நாலு அங்குலம் வந்ததும் மேல்பாதி முடியை மட்டும் எடுத்துச் சின்னக் குடுமியாகக் கட்டலாம். பூ வைக்க இதுவே போதும். முழம் தொங்காது. குடுமியைச் சுற்றிக் கனகாம்பரத்தை வளையமாக வைத்தால் நீளச் சடையில்கூடக் கிடைக்காத ஒரு லட்சணம் வரும். பள்ளிக்கூடத்தில் ரிப்பன் வைத்து மடித்துக் கட்டிய இரட்டைச் சடைதான் வேண்டும் என்று சொல்கிற ஆசிரியைகளே, இந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு ஹேர்பேண்டோடு விட்டுவிடுங்கள் என்று இந்தப் பக்கத்தின் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். குட்டை முடியை இழுத்துப் பிடித்து வெறும் ரப்பர் பேண்டால் இறுக்கிக்கொண்டே இருந்தால் நெற்றியோரத்து முடி வேரோடு தளர்ந்துபோகும். நாள்பட்டால் திரும்ப முளைக்காமலும் போய்விடும். துணி சுற்றிய பேண்டு போதும், அதுவும் தளர்வாக.

ஸ்ட்ரெய்ட்னர் பற்றிக் கேட்கிறார்கள். கடலோரத்தில் அது வெட்டிச் செலவு என்று நினைக்கிறேன். சூட்டில் முடியின் உள்ளே இருக்கிற ஹைட்ரஜன் பிணைப்புகள் அவிழ்ந்து முடி நேராகிறது. வாசலைத் தாண்டி ஈரக்காற்று பட்டவுடன் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடுகிறது. அதைவிட, குளித்த ஈரத்தோடு வேண்டிய பக்கம் படிய வாரி, மெல்லிய பருத்தித் துணியைத் தலையில் கட்டி, காலைச் சமையல் முடியும் வரை விட்டுவிடுங்கள். காய்ந்த பிறகு உள்ளங்கையில் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் தேய்த்து மேலாக ஒரு தடவல். இரட்டைச் சுழிக்காரர்களுக்கு மட்டும் உச்சியில் ஒரு கொத்து எதற்கும் அடங்காது. அதைச் சுழியின் போக்கிலேயே விடுவதுதான் புத்திசாலித்தனம். ரெட்டைச் சுழிக்கு ரெண்டு கல்யாணம் என்று கேலி செய்கிறவர்களுக்கு நான் பொறுப்பில்லை.

வேண்டுதல் இல்லாமலே இந்த நிலைக்கு வருகிறவர்களும் உண்டு. குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் தாய்க்கு முடி கொட்டும் என்பார்கள். குழந்தையின் சிரிப்புக்கும் கொட்டுவதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் காலக்கணக்கு சரி. கர்ப்ப காலத்தில் உதிராமல் நின்ற முடியெல்லாம் பிரசவமான இரண்டு மூன்று மாதத்தில் சேர்ந்து கொட்டுகிறது. பிறகு நெற்றியோரம் முழுக்கக் குட்டி முடிகள் முளைத்து, பின்னிய சடைக்கு மேலே சிலிர்த்துக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை, வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஒரு வருடமாகியும் அடர்த்தி திரும்பவில்லை என்றால் ரத்தசோகை இருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுத்தவர்கள் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் அலைந்து ஊர் திரும்பியிருப்பார்கள். சிகிச்சை முடிந்த சில மாதங்களில் பெரும்பாலானவர்களுக்கு முடி திரும்ப வருகிறது. முதலில் பூனைமுடிபோல மென்மையாக வரும். நேர்முடிக்காரர்களுக்குச் சுருட்டையாகவும் வரலாம், பின்னால் அது மெல்ல மாறலாம். சாயம் பூசுவதற்கு முன் மருத்துவரைக் கேட்டுவிடுவது நல்லது. அவர்களை எதிரே பார்க்கிற நாம் "எந்தக் கோயில்ல அடிச்சீங்க?" என்று கேட்டுவைக்காமல் இருந்தால் பெரிய உபகாரம்.

ஆண்களைப் பற்றி ஒரு வரி. 2020 ஊரடங்கில் சலூன்கள் மூடிக் கிடந்தபோது ஊரிலுள்ள எல்லா அண்ணன்களுக்கும் காதோரம் உப்பி, பிடரியில் வால் முளைத்தது. அந்தக் கோலம் மறந்துபோயிருந்தால், வீட்டுப் பெண்ணின் தலையைப் பார்த்துச் சிரிக்கும் முன் பழைய செல்போன் படங்களை ஒருதரம் புரட்டிப் பாருங்கள்.

மாங்கனித் திருவிழாவில் நாம் கொண்டாடுவது, மனைவியாக வாழ்ந்த புனிதவதி, அதாவது நம் காரைக்கால் அம்மையார், தன் அழகையெல்லாம் வேண்டாமென்று உதறிப் பேயுரு கேட்டு வாங்கிய கதையை. அந்தத் திருவிழாக் கூட்டத்தில் மாங்கனி பிடிக்க முந்தானையை விரித்து நிற்கும் பெண்களில், தலையில் பூ நிற்கவில்லையே என்று அரை மனசாக வந்தவர்களும் இருப்பார்கள். அவர்களிடம் அம்மையாரைப் பார் என்று நான் உபதேசிக்கப் போவதில்லை. பூ வைக்க ஆசையிருந்தால் வைக்க வழி சொல்வதுதான் பத்திரிகைக்காரியின் வேலை.

இந்த வருடம் ஆவணியில் முடியிறக்கியவர்கள் முதல் டிரிம்மை மார்கழியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். பொங்கல் வாரத்தில் எந்தப் பார்லரிலும் உட்கார இடம் கிடைக்காது. போகும்போது ஹேர்பின் அட்டை ஒன்றைக் கையோடு எடுத்துப் போய், நெளிவு உள்ளே இருக்கும்படி குத்திக் காட்டச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்