இருட்டில் படமெடுக்க எங்கள் பெண் பிள்ளைகளும் பழகட்டும்

மாலை ஆறு மணியானால் கமெராவைப் பைக்குள் வைத்துவிட வேண்டும் என்பது எங்கள் ஊடகக் கழக மாணவிகளுக்கு எழுதப்படாத சட்டம். ஆண் பிள்ளைகள் சந்தியிலும் கடற்கரையிலும் நின்று நாலு படம் எடுத்துப் பழகிக்கொள்கிறார்கள். பெண் பிள்ளைகளோ விளையாட்டுப் போட்டியைப் பகலில் அவ்வளவு அழகாக எடுப்பார்கள். இரவு நிகழ்ச்சி என்றதும் கமெரா கைமாறிவிடும். கேட்டால், "அவங்களுக்கு இருட்டில எடுக்க வராது" என்பார்கள். பழக விட்டால்தானே வரும்?

அதற்காகத்தான் குழுவாகப் போகத் தொடங்கினோம். விஷயம் தெரிந்த ஒரு வழிகாட்டி, ஆசிரியைகள், விரும்பிய தாய்மார், மாணவிகள். இடம் காலிக் கோட்டை.

எங்கள் நாட்டில் அந்தி நீண்ட நேரம் நிற்காது. சூரியன் மறைந்து அரை மணித்தியாலத்துக்குள் வானத்தின் நீலம் கறுத்துவிடும். மஃரிப் தொழுதுவிட்டு வந்தால் மிஞ்சுவது பத்துப் பதினைந்து நிமிடம். 1939இல் கட்டிய வெளிச்சவீடும் அருகிலுள்ள மீரான் பள்ளிவாசலும் நீல வானத்தின் முன்னால் மிக அழகாகத் தெரிவது அந்த நேரத்தில்தான்.

அங்கே பிள்ளைகள் படித்தது கரும்பலகையில் வராத பாடம். ஐ.எஸ்.ஓ. 400, ஷட்டர் 1/15 வினாடி என்றால் கை நடுக்கம் படத்தில் விழும். 1/60க்குப் போனால் உள்ளே வரும் வெளிச்சம் நாலில் ஒன்றாகும். அதை ஈடுசெய்ய ஐ.எஸ்.ஓ.வை 1600க்கு ஏற்ற வேண்டும். படத்தில் புள்ளிகள் கூடும். எதை விட்டு எதை எடுப்பது என்று ஒவ்வொரு முறையும் தீர்மானிக்க வேண்டும். ட்ரைபொட் இல்லாதவர்கள் கோட்டை மதிலில் கமெராவை வைத்து, இரண்டு வினாடி டைமர் போட்டு எடுத்தார்கள். ஒருத்தியின் படம் ஏன் கலங்கியது என்பதைப் பார்த்து மற்றவர்களும் படித்துக்கொண்டார்கள். தனியாகப் போனால் இது கிடைக்காது.

"போனில நைட் மோட் இருக்குதானே?" என்று கேட்கலாம். அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்குகிறது. அசையாத கட்டடத்துக்கு அது நல்லது. ஓடும் குழந்தையும் கையசைக்கும் மணமகளும் அதில் கலங்கிப்போவார்கள்.

இன்னொரு பாடமும் உண்டு. கோட்டைக்குள் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். திறந்த வாசலுக்குள் கமெராவை நீட்டக் கூடாது, முன்பின் தெரியாதவர் முகத்தில் ஃபிளேஷ் அடிக்கக் கூடாது. இந்த ஒழுக்கமும் கூட்டமாகப் போகும்போதுதான் பழக்கமாகிறது.

பெற்றோரின் பயம் எங்களுக்கு விளங்குகிறது. அந்தப் பயத்துக்கு மதிப்புக் கொடுத்துத்தான் தாய்மாரையும் சேர்த்துக்கொண்டு குழுவாகப் போகிறோம்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். எங்கள் கல்யாண வீடுகளில் பெண்கள் பகுதிக்குப் பெண் படப்பிடிப்பாளர்தான் வேண்டும் என்று தேடி அலைகிறோம். அந்த மண்டபங்களில் நடப்பதெல்லாம் இரவில், மங்கிய விளக்கில். இருட்டில் பழக விடாமல் அவர்களை எங்கிருந்து எடுப்பது?

அதிபர்மாரிடமும் பெற்றோரிடமும் நாங்கள் கேட்பது தவணைக்கு ஒரு மாலை மட்டுமே. எட்டு மணிக்குள் பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவந்து ஒப்படைப்பது எங்கள் பொறுப்பு.