டைமிங் பெல்ட்: கிலோமீட்டரைப் பார்ப்பதா, தேதியைப் பார்ப்பதா?

தேன்கனிக்கோட்டையில் இருந்து அஞ்செட்டிக்குப் போகும் சாலை, காட்டுக்குள் இறங்கும் மலைப்பாதை. யானைகள் நடமாடும் பகுதி. பொழுது சாயும் நேரத்தில் அங்கே கார் பொசுக்கென்று நின்றுபோனால் என்ன ஆகும்? பழைய கார்கள் இப்படி முன்னறிவிப்பு இல்லாமல் நிற்பதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, டைமிங் பெல்ட் அறுந்துபோவது. தடுப்பதற்கு ஆகும் செலவு பெரும்பாலான சிறிய கார்களுக்குச் சில ஆயிரம் ரூபாய்தான். எப்போது மாற்றுவது என்பதில்தான் தப்புக்கணக்கு நடக்கிறது.

"வண்டி இன்னும் 50 ஆயிரம்கூட ஓடலையே, இப்பவே எதுக்கு மாத்தணும்?" என்பதுதான் அந்தத் தப்புக்கணக்கு.

பெல்ட்டுக்கு என்ன வேலை?

இன்ஜினில் கீழே சுற்றும் கிராங்க் ஷாஃப்ட் பிஸ்டன்களை ஏற்றி இறக்குகிறது. மேலே உள்ள கேம் ஷாஃப்ட் வால்வுகளைத் திறந்து மூடுகிறது. இரண்டும் பிசகாமல் சேர்ந்து இயங்கவைப்பது, பல் வைத்த இந்த ரப்பர் பெல்ட்தான். இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது.

பெல்ட் அறுந்தால் கேம் ஷாஃப்ட் நின்றுவிடும். திறந்த வால்வு திறந்தபடியே நிற்க, மேலே வரும் பிஸ்டன் அதில் மோதும். டீசல் இன்ஜின்கள் அநேகமாக எல்லாவற்றிலும், பல பெட்ரோல் இன்ஜின்களிலும் இந்த ஆபத்து உண்டு. வால்வு வளைந்தால் ஹெட்டைக் கழற்ற வேண்டும். பெல்ட் மாற்றும் செலவைவிடப் பல மடங்கு பில் வரும்.

எந்தக் காரில் பெல்ட்?

எல்லாக் கார்களிலும் பெல்ட் கிடையாது. மாருதி 800, சான்ட்ரோ ஜிங், டாடா இண்டிகா டீசல், பழைய 2.5 லிட்டர் இன்னோவா டீசல், 1.5 லிட்டர் டீசல் டஸ்டர் ஆகியவற்றில் பெல்ட். ஸ்விஃப்ட் 1.3 டீசலில் செயின். ஒரே பெயருள்ள காரில்கூட ஆண்டுக்கு ஆண்டு மாறும்: 2010-க்கு முந்தைய 1.3 ஸ்விஃப்ட் பெட்ரோலில் பெல்ட், அதன்பிறகு வந்த 1.2 இன்ஜினில் செயின். அதனால் மாடல் பெயரை மட்டும் நம்பாமல், இன்ஜின் எது என்று மேனுவலில் பார்ப்பது நல்லது.

மீட்டர் சொல்லாத கணக்கு

பெல்ட்டின் ஆயுளைப் பெரும்பாலான நிறுவனங்கள் இரண்டு விதமாகக் குறிக்கின்றன: இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை ஆண்டு, எது முதலில் வருகிறதோ அது. பல பழைய கார்களுக்கு இது 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டர் அல்லது 5 ஆண்டு என்ற அளவில் இருக்கும். சரியான எண் மேனுவலில் இருக்கும். ஆனால், பலர் முதல் பாதியை மட்டுமே படிக்கிறார்கள். கார் ஷெட்டில் சும்மா நின்றாலும் ரப்பருக்கு வயதாகும்.

ஓசூர் வட்டாரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே கைமாறும் கார்களில் பல, பெங்களூரு நெரிசலில் ஓடியவை. அத்திப்பள்ளியிலும் சில்க் போர்டிலும் ஊர்ந்த காரின் மீட்டர் குறைவாகத்தான் காட்டும். இன்ஜின் ஐடிலில் நிமிடத்துக்கு 800 சுற்று என்று வைத்தாலும், ஒரு மணி நேரத்துக்கு 48,000 சுற்று. பெல்ட் அவ்வளவும் உழைத்திருக்கும், மீட்டரில் ஒரு கிலோமீட்டர்கூட ஏறியிருக்காது. "கம்மியா ஓடின வண்டி" என்பது பெல்ட்டைப் பொறுத்தவரை நற்சான்று அல்ல.

எப்படி முடிவெடுப்பது?

தேதியும் கிலோமீட்டரும் போட்ட பில் இருந்தால் அதிலிருந்து கணக்கு வைக்கலாம். பில்லில் வெறுமனே 'பெல்ட்' என்று இருந்தால் போதாது. அது வெளியே தெரியும் ஃபேன் பெல்ட்டாகவும் இருக்கலாம். டைமிங் பெல்ட் மூடிக்குள் இருப்பது.

பில் இல்லையா? கெடு முடிந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டு மாற்றிவிட வேண்டும். "போன வருஷம்தான் மாத்தினோம்" என்ற வாய்வார்த்தை கணக்கில் வராது. காரின் விலையைப் பேசும்போதே இந்தச் செலவையும் கழித்துப் பேசலாம்.

மூடியைத் திறந்து பார்த்தால் வெடிப்பு, நூல் பிரிதல், ஆயில் கசிவு தெரியலாம். தெரிந்தால் கெடு வரை காத்திருக்கக் கூடாது. ஆனால், பார்க்க நன்றாக இருப்பதால் மட்டும் பெல்ட் நல்லது என்று ஆகிவிடாது.

மாற்றும்போது டென்ஷனர், ஐட்லர் பேரிங் ஆகியவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பல கார்களில் வாட்டர் பம்ப்பும் இதே பெல்ட்டில்தான் ஓடுகிறது. பேரிங் இறுகினால் புது பெல்ட்டும் போய்விடும், கழற்றி மாட்டும் கூலியும் இரண்டு முறை. அந்த இன்ஜினுக்கான டைமிங் லாக் கருவி மெக்கானிக்கிடம் இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை. ஒரு பல் தள்ளி மாட்டினாலும் இன்ஜின் கெடும். பழைய பெல்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டால் சந்தேகமும் தீரும்.

சில மாதங்களில் ஸ்கிராப்புக்குப் போகும் காருக்கு இந்தச் செலவு தேவையா என்ற கேள்வி நியாயமானதே. அப்படிப்பட்ட கார் ஊருக்குள் ஓடலாம். குடும்பத்தோடு ஒகேனக்கல் பயணத்துக்கு எடுக்கக் கூடாது.

வழியில் அறுந்துவிட்டால்?

இன்ஜின் நின்றதும் பவர் ஸ்டியரிங் கனக்கும். ஓரிரு முறை மிதித்த பிறகு பிரேக்கும் கல்லாகிவிடும். இறக்கத்தில் அதை விட்டுவிட்டு மிதிக்காமல், ஒரே மூச்சில் அழுத்திப் பிடித்து ஓரம் கட்ட வேண்டும். திரும்பத் திரும்ப சாவி போடுவதும், நாலு பேர் சேர்ந்து தள்ளி ஸ்டார்ட் செய்வதும் கூடாது. தப்பிய வால்வுகளும் வளையும். டோ வண்டியைக் கூப்பிடுவதே வழி.

மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி பானெட்டுக்குள் ஒட்டிவைத்தால், அடுத்த முறை யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. நாளை அந்தக் காரை வாங்கப்போகிறவருக்கும் அது உதவும்.